முதல் நான்கு வாரம்

கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பத்து நாற்பதுக்கு, பதுளை ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறையில் வைத்துத்தான் என் வயிற்றுப் பிள்ளையின் முதுகு முழுதாக மூடவில்லை என்று கேள்விப்பட்டேன். அன்றோடு இருபத்தொரு வாரம் முடிந்திருந்தது. டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையையே பார்க்கத் தொடங்கியபோது நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். எதையாவது பார்க்க வேண்டியிருந்தது. அதனால் நேரம் மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது.

டாக்டர் நிதானமான பெண்மணி. வெளியே நின்ற என் கணவரை உள்ளே கூப்பிடச் சொன்னார். ஒரு தாளைத் திருப்பி முதுகெலும்பை வரைந்து, கீழ்ப்பகுதியில் ஓரிடத்தை அழித்துக் காட்டினார். அந்த இடத்தில் எலும்பு மூடாமல், நரம்புகள் ஒரு சிறு பையாக வெளியே தள்ளிக்கொண்டிருக்கின்றன. பெயர் ஸ்பைனா பைஃபிடா. சிங்களத்தில் சொன்னதையே இன்னும் எளிய சிங்களத்தில் இரண்டாம் தடவையும் சொன்னார்.

என் கணவர் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்ப்பவர். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் தமிழில் கேட்டார்: "தூள் சாக்கு தைக்கிறப்ப கடைசி நாலு தையல் விட்டுப்போன மாதிரி. அப்படித்தானே?"

நான் அதை டாக்டருக்கு மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "ஆமாம், அப்படித்தான். விட்ட தையலை நாங்கள் போட முடியும். ஆனால் அதற்கு முன்னால் சாக்கிலிருந்து சிந்தியதைத் திருப்பி எடுக்க முடியாது" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னவற்றை வெளியே வந்து, வாங்கில் உட்கார்ந்து, கொப்பியில் எழுதினேன். கால்களில் பலம் குறைவாக இருக்கலாம். சிறுநீர், மலம் போவதில் பிரச்சினை வரலாம். தலையில் நீர் கோர்த்தால் அதை இறக்க ஒரு குழாய் வைக்க வேண்டியிருக்கும். படிப்பு வரும், பேச்சு வரும். பிள்ளை சிசேரியனில் கண்டியில் பிறக்க வேண்டும். பிறந்து இரண்டு நாளுக்குள் முதுகை மூட வேண்டும். முப்பத்தாறாவது வாரத்திலிருந்து நான் கண்டியில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்கியிருக்க வேண்டும். எங்கள் தோட்டத்திலிருந்து நமுனுகுல பாதையில் மண் சரிந்தால் பதுளைக்கு இறங்கவே அரை நாள் ஆகும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

கடைசியாக அவர் சொன்னதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. சிசேரியன் முடிந்ததும் நான் ஒரு வார்டில் கிடப்பேன், பிள்ளை வேறொரு கட்டிடத்தில் கிடக்கும். பாலை எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க, பிள்ளையைப் பார்த்து வந்து சொல்ல, பிள்ளையைக் குப்புறப் படுக்க வைப்பதையும் காயத்தைக் காப்பதையும் என்னோடு சேர்ந்து கற்றுக்கொள்ள ஒரு பெண் துணை வேண்டும். ஆண்களை அந்த வார்டுகளுக்குள் விடமாட்டார்கள். "அம்மா இருக்கிறாரா?" என்று கேட்டார்.

என் அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். ஒப்பந்தம் முடிய இன்னும் பதினொரு மாதம் இருந்தது. "மாமியார் இருக்கிறார்" என்றேன். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

டாக்டர் அட்டையை நிரப்பும்போது இன்னொரு கேள்வி கேட்டார். கருவுறுவதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரை எடுத்தீர்களா? எடுத்தேன். கல்யாணமான மாதமே எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்து, குழந்தைக்கு யோசிக்கிறவர்கள் இப்போதிருந்தே இதை எடுக்க வேண்டும் என்று ஒரு சிறிய காகித உறையில் தந்துவிட்டுப் போயிருந்தார். மாதா மாதம் புதுசு வாங்கினேன். ஒவ்வொரு காலையும் விழுங்கியதும் கொப்பியில் ஒரு சரி அடையாளம் போட்டேன். மாசி மாதத்திலிருந்து ஆவணியில் கர்ப்பம் உறுதியாகும் வரை நூற்று எண்பத்து மூன்று அடையாளங்கள். கொப்பி கைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டினேன்.

டாக்டர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எடுத்தவர்களுக்கும் சில வேளை வருகிறது. உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை" என்று சொல்லி, அட்டையில் 'எடுத்தார்' என்று எழுதினார். பிறகு, மாத்திரை எடுத்தும் வந்திருப்பதால் அடுத்த பிள்ளைக்கு முன்னால் சில பரிசோதனைகள் செய்யலாம் என்று அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கணவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். நமுனுகுல மலை தெரியத் தொடங்கிய பிறகு, "ஆஸ்பத்திரிக்கே கொப்பி கொண்டுபோய் மார்க் வாங்கிட்டு வந்த ஒரே ஆள் நீதான் டீச்சர்" என்றார். நான் தோட்டத்துப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். கோபம் வந்தாலும் அன்பு வந்தாலும் அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"பொறக்கட்டும்ங்க. பாத்துக்கலாம்" என்றேன். அதைச் சொன்னபோது உண்மையிலேயே பயம் இருக்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதி வைத்திருந்தால் எனக்குப் பயம் வருவதில்லை. இது நல்ல குணமா என்று தெரியாது.

அன்று மாலை வீட்டில் மாமியாருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முப்பத்தைந்து வருடம் கொழுந்து எடுத்தவர். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்தில் இரண்டு காம்பராவும் பின்னால் இறக்கிக் கட்டிய ஒரு சமையலறையும் எங்களுடையவை. அவர் அடுப்புக்கு முன்னால் பலகையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கால், தலை, ஆபரேஷன், கண்டி என்று சொல்லும்வரை இடையிடையே "ம்" போட்டார். பிறகு நான் மாத்திரைக்கு வந்தேன். அது எதற்குக் கொடுக்கிற மாத்திரை என்று விளக்கினேன். பிள்ளையின் முதுகு, கரு உண்டாகி முதல் நான்கு வாரத்துக்குள் மூடிவிடும், அந்த மூடலுக்குத்தான் அந்த மாத்திரை, நான் ஒரு நாள்கூட விடவில்லை, டாக்டரே கொப்பியைப் பார்த்துவிட்டு என்மேல் தவறில்லை என்றார் என்று சொன்னேன்.

"ம்" வரவில்லை. எழுந்து, விறகு எடுக்கப் போவதாகச் சொல்லி வெளியே போனார். விறகு அடுப்புக்குப் பக்கத்திலேயே நிறையக் கிடந்தது.

அடுத்த நாள் கண்டிக்கு வருவதைப் பற்றிக் கேட்டேன். "நான் வரல புள்ள. வேற யாரயாச்சும் கூட்டிக்கிட்டுப் போ" என்றார். கால் விறைப்பு என்றார். பிறகு தனக்குச் சிங்களம் வராது என்றார், கோழிக்கு யார் தீனி போடுவது என்றார். ஒவ்வொன்றுக்கும் நான் பதில் வைத்திருந்தேன். பதில் சொல்லச் சொல்ல அவர் புதிய காரணங்களைக் கொண்டுவந்தார். மகன் கேட்டபோது கோழிக் கூட்டைப் பூட்டப் போய்விட்டார்.

மார்கழி முழுவதும் இப்படிப் போனது. மழை மாதம். பாதை இரண்டு தடவை சரிந்தது. அவர் எனக்குச் சோறு ஆக்கிப் போட்டார், வெந்நீர் வைத்துக் கொடுத்தார். ஆனால் என்னைத் தொடுவதை நிறுத்திவிட்டார். முன்பெல்லாம் பிள்ளை உதைக்கிறதா என்று பார்க்க வயிற்றில் உள்ளங்கையை வைப்பார். இப்போது அந்தக் கை வரவில்லை. குறையுள்ள பிள்ளை என்பதால்தான் ஒதுங்குகிறார் என்று நினைத்தேன். அப்படித்தான் எழுதியும் வைத்தேன், சற்றுக் கடுமையான வார்த்தைகளில்.

தை மாதம், இருபத்தெட்டாவது வாரம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, எனக்கு வளையல் போட்டார்கள். லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராகச் சந்தனம் தடவி, கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். மாமியார்தான் முதலில் போட வேண்டும். அவர் சமையலறையில் சோற்றுப் பானையை விட்டு வரவில்லை. "பொங்கி வழியுது, நீங்க போடுங்க" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார். நாலு கலவைச் சோறும் முதல் நாள் இரவே ஆகிவிட்டது என்பது எல்லாருக்கும் தெரியும். வாசனை மட்டும் வராத அந்தப் பானையை எல்லாரும் கொஞ்ச நேரம் திரும்பிப் பார்த்தார்கள்.

நாலு நாள் கழித்துத் தைப்பூசம், பௌர்ணமிக்கு விடும் போயா விடுமுறையும்கூட. கோயிலுக்குப் போய்விட்டு வந்த பக்கத்துக் காம்பரா அக்கா, திருநீறும் ஒரு தூக்குச் சட்டியில் சர்க்கரைப் பொங்கலும் கொண்டுவந்தார். மாமியார் வாசற்படியில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அக்கா என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, நாலு நாளாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னார்.

"டீச்சரம்மா கோவிச்சுக்கக் கூடாது. அன்னிக்கு கிரகணத்தன்னிக்கு நீங்க வெளிய வந்து நின்னீங்கல்ல. நான் ஜன்னல் வழியா பாத்தேன். கையில டோர்ச்சும் கொப்பியும்."

"வந்தேன் அக்கா. மேகம் வெலகுச்சு, பாத்து எழுதுனேன்."

"அதான். மாசமா இருக்கிறவ பாக்கலாமா? அது புள்ளையக் கடிக்கும்னு சொல்வாங்க."

இது எனக்கு மிகவும் விருப்பமான வகைக் கேள்வி. உள்ளே போய்க் கொப்பியை எடுத்து வந்தேன். "இங்க பாருங்க. கிரகணம் ஐப்பசியில. அன்னிக்கு புள்ளைக்குப் பதினாறு வாரம் நாலு நாள். முதுகு மூடுறது முதல் நாலு வாரத்துல. அதாவது ஆடி மாசத்துக்குள்ள. கிரகணம் வர்றதுக்கு ரெண்டு மாசத்துக்கு முந்தியே நடக்க வேண்டியது நடந்து முடிஞ்சிருச்சு. கடிக்கிறதுன்னாலும் கிரகணம் ஆடியிலயே வந்திருக்கணும்."

அக்கா கணக்கைக் கேட்டு யோசித்தார். "ஆடியில ஒண்ணும் வரலயே."

"வரல."

"அப்ப கிரகணம் இல்ல." அவர் முகம் தெளிந்துவிட்டது. நியாயமான பெண். "அப்ப என்ன கொற டீச்சரம்மா? ஒங்க மேல ஒண்ணுமில்ல, கிரகணம் மேலயும் ஒண்ணுமில்ல."

"யார் மேலயும் இல்ல. இதுக்குன்னே ஒரு மாத்திர குடுக்கிறாங்க. அதையும் ஒரு நாள் விடாமப் போட்டேன்."

அக்கா தலையாட்டிவிட்டு, தூக்குச் சட்டியைப் பிறகு தந்தால் போதும் என்று சொல்லிப் போனார். நான் கொப்பியை மூடினேன். முறத்தின் சத்தம் நின்றிருந்தது.

"நீ போடல" என்றார் மாமியார்.

"என்ன அத்த?"

"மாத்திர. நீ போடல புள்ள. ஒனக்குத் தெரியாது."

அவர் முறத்தில் இருந்த அரிசியைப் பார்த்தபடியே சொன்னார். மிட்வைஃப் முதல் உறையைக் கொடுத்துவிட்டுப் போன மூன்றாம் நாள், நான் பாடசாலைக்குப் போன பிறகு, அவர் அதைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். சின்னச் சின்ன மஞ்சள் மாத்திரை. அவற்றை அடுப்பில் போட்டுவிட்டு, கால் விறைப்புக்குத் தோட்டத்து டிஸ்பென்சரியில் தனக்குக் கொடுத்த வைட்டமின் மாத்திரைகளை அந்த உறையில் போட்டு வைத்திருக்கிறார். நிறமும் ஒன்று, அளவும் ஏறக்குறைய ஒன்று. ஒவ்வொரு மாதமும் நான் புதிய உறை கொண்டுவந்த அன்றிரவே இதே வேலை. ஆவணியில் நான் உண்டாகியிருக்கிறேன் என்று சொன்ன அன்றோடு நிறுத்திவிட்டார். அதன் பிறகு கிளினிக்கில் தந்ததெல்லாம் எனக்கே வந்திருக்கிறது.

"ஏன்?" என்று கேட்டேன்.

"தடுப்பு மாத்திரன்னு நெனச்சேன்."

"நான் சொன்னேனே அத்த, புள்ளைக்குன்னு."

"நீ சொன்ன. ஒனக்கு அப்படிச் சொல்லிக் குடுத்திருப்பாங்கன்னு நெனச்சேன். எங்களுக்கும் அப்படித்தான் சொன்னாங்க. ஒடம்புக்கு நல்லதும்பாங்க. மொதல்ல மாத்திரதான் குடுப்பாங்க. அப்புறம் லொறி வரும்."

லொறியைப் பற்றி நான் அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். அவருக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு லொறி வந்திருக்கிறது. உடம்பைச் சோதிக்க வேண்டும், ஏறு என்றிருக்கிறார்கள். பதினொரு பெண்கள் ஏறினார்கள். மாலையில் திரும்பி வந்தபோது பதினொரு பேருக்கும் அடிவயிற்றில் தையல். யார் கூட்டிக்கொண்டு போனார்கள், எங்கே என்றெல்லாம் அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வருடமும் தெரியவில்லை. "அஞ்சாம் நம்பர் மலை கவாத்து வெட்டுன வருசம்" என்றார். இரண்டாவது பிள்ளை ஒரு பெண். இரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். "அவளுக்குப் பின்னால இல்ல. இவன் ஒருத்தன்தான்."

நான் எங்கள் தோட்டத்தின் வரலாற்றைப் பதினாறு வயதிலிருந்து எழுதி வருகிறேன். எந்த லயத்துக்கு எப்போது தண்ணீர்க் குழாய் வந்தது, எந்த மழையில் எந்தக் கல் உருண்டது, முதன்முதலில் பல்கலைக்கழகம் போன பெண் யார், எல்லாம் அதில் இருக்கிறது. வாசிகசாலையில் கிடைத்த பழைய அறிக்கைகளையெல்லாம் படித்துச் சேர்த்திருக்கிறேன். அந்த லொறி அதில் இல்லை. பதினொரு பேரில் ஆறு பேர் இன்னும் எங்கள் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். தினமும் அவர்களுக்கு வணக்கம் சொல்கிறேன்.

ஆனால் அன்று அதையெல்லாம் யோசிக்கவில்லை. அன்று எனக்குக் கோபம் மட்டும்தான். உள்ளே போய்ப் பழைய பக்கங்களைத் திறந்து பார்த்தேன். நூற்று எண்பத்து மூன்று அடையாளங்களில் இரண்டு மட்டும் உண்மை.

"நீ உண்டானப்ப நான் சந்தோசப்பட்டேன்" என்றார் அவர், வாசலில் இருந்தபடியே. "நான் மாத்துனதாலதான் புள்ள தங்குச்சுன்னு நெனச்சேன். கோயில்ல தேங்காகூட ஒடச்சேன்."

ஐந்து நாள் அவரோடு பேசவில்லை. அதை இங்கே மறைக்கப் போவதில்லை. கணவருக்கு அன்று மாலையே சொன்னேன். அவர் தொழிற்சாலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் முன்னால் போய் நின்றார். பிறகு அப்படியே வெளியே போய்விட்டார். அந்த லொறிக் கதையை அவரும் அன்றுதான் கேட்டார்.

ஐந்து நாளும் நான் படித்தேன். பதுளைக்கு ஆள் அனுப்பி வாசிகசாலையில் இருந்து மருத்துவ நூல் ஒன்றை எடுப்பித்தேன். போனிலும் தேடினேன். எங்கே படித்தாலும் ஒரே விஷயம்தான். மாத்திரை அபாயத்தைக் குறைக்கிறது, இல்லாமல் ஆக்குவதில்லை. எடுக்காத பெரும்பாலான பெண்களுக்கு நல்ல பிள்ளைகள்தான் பிறக்கின்றன. எடுத்த சிலருக்கு இப்படிப் பிறக்கின்றன. அவரால்தான் இது வந்தது என்று என்னால் எழுத முடியாது. அவரால் வரவில்லை என்றும் எழுத முடியாது. எனக்குத் தெரியாது என்று எழுதக் கொஞ்சம் சிரமமாக இருந்தது, ஆனால் எழுதினேன்.

தெரிந்தது ஒன்று இருந்தது. பதுளை டாக்டரின் அட்டையில் 'எடுத்தார்' என்று இருக்கிறது. அது பொய். நான் காட்டிய கொப்பியை நம்பி எழுதிய பொய். அதை வைத்துத்தான் அடுத்த பிள்ளைக்கு என்ன செய்வது என்று பார்ப்பார்கள். திருத்த வேண்டும்.

ஆறாம் நாள் காலையில், "அத்த, செவ்வாய்க்கிழமை கிளினிக். என்கூட வாங்க" என்றேன்.

"பொலிசுல குடுப்பாங்களா?"

"யாரும் எங்கயும் குடுக்க மாட்டாங்க. மாத்திர போடலன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

"நான் சொன்னா அந்த மிஸ் காறித் துப்பும்."

"துப்புனா ரெண்டு பேர் மேலயும் படும். வாங்க."

வந்தார். தோட்டத்துக் கிளினிக்கில் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். மிட்வைஃப் மிஸ் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். நான் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே மாமியார், "மிஸ், நீங்க குடுத்த மாத்திரைய நாந்தான் அடுப்புல போட்டேன்" என்றார், நின்றபடியே.

மிஸ் அட்டையைக் கீழே வைத்தார். முழுக் கதையையும் கேட்டார். கதையில் லொறி வந்தபோது அவர் தலை நிமிரவில்லை. அவருக்கு என் வயதுதான் இருக்கும், எட்டியாந்தோட்டைப் பக்கத்துப் பெண். "இத உங்களுக்கும் சேத்துச் சொல்லிக் குடுத்திருக்கணும் அம்மா" என்றார் கடைசியில். "மருமகளுக்கு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டேன். வீட்டுல யாரு அடுப்பு பத்த வைக்கிறாங்கன்னு நான் கேக்கல."

மாமியார் அதற்கு, "கேட்டிருந்தா மட்டும் நம்பியிருப்பேனா" என்றார். மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். 'எடுத்தார்' என்பதை ஒரு கோடு போட்டு வெட்டி, சரியானதை எழுதிக் கையொப்பம் வைத்தார். அடுத்த பிள்ளைக்கு யோசிக்கும்போது மூன்று மாதத்துக்கு முன்பே தன்னிடம் வரச் சொன்னார், அதிக அளவு மாத்திரை தர வேண்டியிருக்கும் என்றார்.

திரும்பும்போது ஏற்றத்தில் மாமியார் இரண்டு இடத்தில் நின்றார். கால் விறைப்பு நடிப்பல்ல. ஆறு மாதம் தன் மாத்திரையை எனக்குப் போட்டுவிட்டு மருந்தில்லாத காலோடு திரிந்திருக்கிறார். இரண்டாவது இடத்தில் நின்றபோது, நான் மறுபடியும் கேட்டேன்.

"கண்டிக்கு வருவீங்களா?"

"நான் தொட்டா நல்லதா புள்ள?" இதை அவர் மெதுவாகக் கேட்டார். இரண்டு மாதமாக ஒவ்வொரு காரணத்துக்கும் பின்னால் இருந்தது இதுதான் என்று அப்போது புரிந்தது. "என் கையாலதான் இப்படி ஆச்சு. அதே கையால எப்படித் தூக்குறது?"

மன்னித்துவிட்டேன் என்று சொல்லலாம். அது அன்று முழு உண்மையாக இருந்திருக்காது. உண்மையாக இருந்ததைச் சொன்னேன். "அத்த, என் மேல எனக்குக் கோவம் இருக்கு, ஒங்க மேலயும் இருக்கு. கோவம் போறப்ப போகட்டும். புள்ளைக்கு மூணு மணிக்கு ஒரு தடவ பால் போகணும். எனக்கு எந்திரிக்க ஏலாது. ஒங்க மகன உள்ள விட மாட்டாங்க. வேற ஆள் இல்ல."

அவர் தேயிலைச் செடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு முற்றிய இலையைக் கிள்ளி எறிந்தார். முப்பத்தைந்து வருடப் பழக்கம், கை சும்மா இருக்காது.

"கோழிய யாரு பாக்கிறது?"

"பக்கத்துக் காம்பரா அக்கா."

"அவ கிரகணத்துக்குக் கூட தீனி போடுவா. சரி."

பங்குனி பிறப்பதற்கு முன்தினம், முப்பத்தாறாவது வாரம் முடிந்த செவ்வாய்க்கிழமை, பதுளையில் இருந்து ரயிலில் புறப்பட்டோம். கணவர் கூடவே வந்து, எங்களைக் கண்டியில் ஒரு வீட்டின் பின் அறையில் விட்டுவிட்டு, மறுநாள் வேலைக்குத் திரும்பினார். இரண்டு வாரம் நானும் மாமியாரும் அந்த அறையில் இருந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி, எந்தக் கதவு, எந்த மாடி, எந்த மணிக்குத் திறக்கும் என்று அவரை நாலு தடவை நடக்க வைத்துப் பழக்கினேன். பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது போலச் சொன்னேன். "இந்தா, நான் காடு மலையெல்லாம் நம்பர் வச்சே சுத்துனவ. ஆஸ்பத்திரி எனக்குப் பெரிசா?" என்றார் மூன்றாம் தடவை.

அனுமதிக்கும் நாளில் கண்டி டாக்டர் அட்டையைப் பார்த்து, வெட்டி எழுதிய இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். "இது என்ன?" மாமியார் பின்னால் நின்றிருந்தார். கேள்வி சிங்களத்தில்தான் வந்தது, ஆனாலும் விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் புரிந்துகொண்டார். என்னை முந்திக்கொண்டு, தன் மார்பைத் தொட்டு, "மம" என்றார். சிங்களத்தில் 'நான்' என்று அர்த்தம். அவருக்குத் தெரிந்த மிகச் சில வார்த்தைகளில் ஒன்று. நான் மிச்சத்தைச் சொன்னேன். டாக்டர் கேட்டுவிட்டு, "சொன்னது நல்லது" என்று மட்டும் சொல்லி, பக்கத்தைத் திருப்பினார். அவருக்கு முன்னால் இன்னும் நிறையப் பேர் நின்றார்கள்.

புதன்கிழமை காலை ஒன்பது இருபத்தைந்துக்கு மகள் பிறந்தாள். அழுதாள். துணி மூடி ஒரு கணம் முகத்தை மட்டும் காட்டிவிட்டு எடுத்துப் போனார்கள். மறுநாள் பகலில் முதுகை மூடினார்கள். அந்த நேரமெல்லாம் நான் தையல் போட்ட வயிற்றோடு முதல் மாடி வார்டில் மல்லாந்து கிடந்தேன். மறுபடியும் லீவு போட்டு வந்த என் கணவர் கீழே, கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு போன் அடித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில்தான் முதல் தடவையாகப் பால் கொஞ்சம் வந்தது. ஒரு சிறு கோப்பையின் அடியை மறைக்கும் அளவு. மாமியார் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். போய் முக்கால் மணி நேரம் வரவில்லை. வழி தவறிவிட்டதோ, உள்ளே விடவில்லையோ என்று நினைத்தேன். எழுந்து உட்காரப் பார்த்தேன், முடியவில்லை.

அவர் வந்தபோது கையில் சவர்க்கார வாசம் இருந்தது. மூன்று தடவை கழுவச் சொன்னார்களாம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். தொடச் சொன்னாங்க. தொட்டேன்."

"எப்படி இருக்கா?"

ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர் போல, ஒவ்வொன்றாகச் சொன்னார். "குப்புறப் படுக்க வச்சிருக்காங்க. முதுகுல வெள்ளக் கட்டு, உள்ளங்கையளவு. ரத்தம் தெரியல. தல பெருசா இல்ல. நான் நல்லாப் பாத்தேன், பக்கத்துத் தொட்டில்ல இருக்கிற புள்ள மாதிரிதான் இருக்கு. பால எல்லாத்தையும் குடிச்சிருச்சு. சொட்டு மிச்சமில்ல."

"கால்?"

"வலது காலச் சுரண்டுனா இழுக்குது. வெரல் விரியுது. இடது கால ரெண்டு தடவ சுரண்டிப் பாத்தேன். முட்டி கொஞ்சம் அசஞ்சுச்சு. பாதம் அசயல." என் முகத்தைப் பார்த்தார். "அசஞ்சுச்சுன்னு சொல்லலாம்னு நெனச்சேன். சொல்லல. அசயல புள்ள."

"சரி அத்த" என்றேன்.

அவர் என் வயிற்றுக் கட்டுக்கு மேலே போர்வையை இழுத்துவிட்டார். கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு கழுவி வைத்திருந்த கோப்பையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பன்னெண்டு மணிக்கு மறுபடியும் கதவத் தொறப்பாங்க. எடு. இந்தத் தடவ பால் இன்னும் கூட வரும்."